குறைஷியரின் ராஜாளி
அகதியாய் வந்து அமீரான அப்துர் ரஹ்மான்

அரசன் மகன் அரசனாவது சரித்திரத்தில் அதிசயம் அன்று. தகப்பனார் விட்டுச் சென்ற ஆசனத்தில் ஏறி அமர்வதற்குப் பெரிய ஆற்றல் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால், ஆசனமும் போய், குடும்பமும் போய், தலைக்கு விலை வைக்கப்பட்ட ஓர் இளைஞர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் ஓடி, முன்பின் கண்டறியாத நாட்டிலே கரையேறி, ஒரே ஆண்டுக்குள் அந்த நாட்டின் பொறுப்பை ஏற்று, முப்பத்திரண்டு ஆண்டுகள் அதைக் கட்டிக் காத்தார் என்றால், அது அதிசயந்தானே! அப்படிப்பட்டவர்தாம் ஸ்பெயின் நாட்டு உமையா அமீர்களில் முதல்வரான அப்துர் ரஹ்மான் இப்னு முஆவியா.

அவருக்குச் சரித்திரம் அளித்துள்ள பட்டப்பெயர் அத்தாகில் என்பது. உள்ளே வந்தவர், குடி புகுந்தவர் என்பது அதன் பொருள். வெற்றி வீரர், நீதிமான், மாமன்னர் என்றெல்லாம் பட்டம் சூடிய அரசர்கள் பலர். வந்தேறி என்பதையே பட்டமாகக் கொண்டு பெருமையோடு நினைக்கப்படுபவர் இவர் ஒருவரே என்று சொல்லலாம். கடல் கடந்து வந்து பிழைத்தவர்களின் மக்களாகிய நமக்கு அவருடைய வாழ்க்கை சொல்லும் செய்திகள் பல உண்டு. அவற்றில் இனிப்பானவையும் உண்டு, கசப்பானவையும் உண்டு.

பாட்டனாரின் செல்லப் பேரர்

அப்துர் ரஹ்மான் 731-ஆம் ஆண்டை ஒட்டி, ஹிஜ்ரி 113-இல், ஷாம் நாட்டிலே பிறந்தார். பாட்டனார் கலீபா ஹிஷாம். 724 முதல் 743 வரை, ஸிந்து நதியிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை பரந்து கிடந்த பேரரசை ஆண்டவர் அவர். தாயார் ராஹ் என்பவர், வட ஆப்பிரிக்காவின் பெர்பர் இனத்தவர். நஃப்ஸா என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவர். தாய் வழி வந்த இந்த உறவு பிற்காலத்தில் மகனுடைய உயிரைக் காக்கப் போகிறது என்பதை அப்பொழுது யார் அறிவார்?

தந்தை முஆவியா இளவயதிலேயே மறைந்தார். தகப்பனற்ற பிள்ளையைப் பாட்டனார் தம் மேற்பார்வையில் வளர்த்தார். பாலை நிலத்தின் ஓரத்திலே ஹிஷாம் கட்டிக்கொண்ட ருஸாஃபா என்னும் மாளிகையும், அங்கே நின்ற பேரீச்ச மரங்களும், அந்தச் சிறுவரின் நெஞ்சில் அழியாத சித்திரங்களாய்ப் பதிந்தன.

ஹிஷாம் காலமானபின் உமையாக்களின் ஆட்சி ஆட்டம் கண்டது. ஏழே ஆண்டுகளில் கலீபாக்கள் நால்வர் மாறினர். குடும்பத்துக்குள்ளேயே கொலையும் கலகமும் மூண்டன. அரபியரல்லாத முஸ்லிம்களைத் தாழ்வாக நடத்திய குற்றமும் அந்த ஆட்சியின் மீது இருந்தது. கிழக்கே குராஸானில் கறுப்புக் கொடி உயர்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்கள் அந்தக் கொடியின் கீழே படை திரட்டினர். 750-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸாப் ஆற்றங்கரையில் நடந்த போரில் கடைசி உமையா கலீபா இரண்டாம் மர்வான் தோற்றார். எகிப்துக்கு ஓடிய அவர் அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே கொல்லப்பட்டார்.

வென்றவர்கள் அத்துடன் நிற்கவில்லை. உமையா குடும்பத்தில் ஆண் வாரிசு ஒருவர்கூட எஞ்சக்கூடாது என்று வேட்டை தொடங்கிற்று. பாலஸ்தீனத்தில் அபூ ஃபுத்ருஸ் ஆற்றருகே, அபயம் அளிப்பதாகச் சொல்லி அழைக்கப்பட்ட எண்பது பேரளவில் விருந்து மேடையிலேயே வெட்டி வீழ்த்தப்பட்டனர் என்று வரலாறு கூறுகிறது. நேற்றுவரை ஆண்ட குடும்பம் இன்று பூண்டோடு அழிந்தது. அப்துர் ரஹ்மானுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது.

ஆற்றின் இரு கரைகள்

அவர் யூப்ரடீஸ் நதியோரத்தில் ஒரு சிற்றூரில் மறைந்திருந்தார். கண்ணோய் கண்டு, வெளிச்சம் படாத அறையில் படுத்திருந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயது மகன் சுலைமான் திடீரென்று அழுதுகொண்டே ஓடி வந்து தகப்பனாரைக் கட்டிக்கொண்டான். ஏன் என்று பார்க்க வெளியே வந்தவரின் கண்ணில் பட்டது, ஊரை நெருங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கொடி! கையில் கிடைத்த பொற்காசுகளை எடுத்துக்கொண்டார். பிள்ளையைச் சகோதரிமாரிடம் ஒப்படைத்தார். பதின்மூன்று வயதுத் தம்பியை அழைத்துக்கொண்டு ஓடினார்.

குதிரை வீரர்கள் துரத்தினர். முன்னே ஆறு, பின்னே வாள். இருவரும் நீரில் குதித்தனர். கரையில் நின்றவர்கள் திரும்பி வாருங்கள், உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யமாட்டோம் என்று கூவினர். அப்துர் ரஹ்மான் நம்பவில்லை; நீந்தினார். தம்பியோ களைத்துப் போனார். பாதி ஆற்றிலே அச்சம் பிடித்துக்கொண்டது. அண்ணன் அழைக்க அழைக்க, அந்தச் சிறுவர் பகைவரின் சொல்லை நம்பித் திரும்பிவிட்டார். அக்கரை ஏறிய அண்ணன் திரும்பிப் பார்த்தபோது, தம்பியின் தலை துண்டிக்கப்படுவதைக் கண்ணாரக் கண்டார்.

அந்தக் காட்சி அவரை விட்டு என்றும் அகலவில்லை. பின்னாளில் அவர் யாரையும் எளிதில் நம்பாதவராக இருந்ததற்கும், வாக்குறுதிகளைக் கேட்டவுடன் வாளின் பிடியில் கை வைத்ததற்கும் வேர் தேடினால், அந்த ஆற்றங்கரைக்குத்தான் போகவேண்டும்.

ஐந்தாண்டு அலைச்சல்

பாலஸ்தீனத்தை அடைந்த அவரை, சகோதரியார் அனுப்பிய இரண்டு பணியாளர்கள் வந்து சேர்ந்தனர். ஒருவர் பத்ர், மற்றவர் ஸாலிம். விடுதலை பெற்ற அடிமைகளான அவர்கள் செலவுக்குப் பணமும் சில நகைகளும் கொண்டு வந்திருந்தனர். இந்த பத்ரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைவர் அரசராய் இருக்கும்போது பின்னே வருபவர் ஆயிரம் பேர். தலைவர் அகதியாய் ஓடும்போது கூட ஓடியவர் பத்ர்.

எகிப்து வழியே மேற்கே போயினர். இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரத்தில் அப்பொழுது ஆளுநராய் இருந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு ஹபீப் அல்ஃபிஹ்ரீ. அவர் முதலில் உமையா அகதிகளுக்கு இடம் கொடுத்தார். பிறகு, இவர்கள் தங்கினால் நம் பதவிக்கு ஆபத்து வரும் என்று ஐயுற்றார். அவர்களில் சிலரைக் கொன்றார். மறுபடியும் ஓட்டம்!

பெர்பர் கூட்டத்தார் நடுவே, ஒரு கூடாரத்திலிருந்து மற்றொரு கூடாரத்துக்கு என்று காலம் கழிந்தது. ஒரு சமயம் தேடி வந்த வீரர்கள் கூடாரத்தையே சூழ்ந்துகொண்டபோது, அவ்வீட்டுத் தலைவரின் மனைவி தம் ஆடைக் குவியலின் கீழே அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார் என்று சொல்வர். பிற்காலத்தில் அந்தத் தம்பதியர் குர்துபாவுக்கு வந்தபோது அமீர் அவர்களை உபசரித்துத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார் என்றும் சொல்வர். பாட்டனாரின் அரண்மனையில் பட்டு மெத்தையில் துயின்றவர் ஆட்டுத் தோலின்மேல் படுத்தார். பார்லி ரொட்டியும் பாலும் கிடைத்த நாள் நல்ல நாள். ஸாலிமும் ஒரு மனத்தாங்கலால் பிரிந்து ஷாமுக்குத் திரும்பிவிட்டார். எஞ்சி நின்றவர் பத்ர் ஒருவரே.

கடைசியில், மொராக்கோவின் வடகரையில் வாழ்ந்த நஃப்ஸா கூட்டத்தாரிடம் வந்து சேர்ந்தார். அவர்கள் தாயாரின் சொந்தங்கள். அரபு உலகின் பேரரசர் பேரனுக்கு அடைக்கலம் தந்தது தகப்பன் வழிக் குலப்பெருமை அன்று. தாய் வழி வந்த பெர்பர் இரத்தந்தான்! குலத்தைப் பேசிப் பேசிப் பிரிந்து கிடப்போர் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

கடலுக்கு அப்பால்

எதிர்க்கரையில் தெரிந்தது ஸ்பெயின். அரபியர் அதை அந்தலுஸ் என்றனர். 711-ஆம் ஆண்டில் தாரிக் இப்னு ஸியாத் கால் வைத்த அந்த நாடு, நாற்பதாண்டுகளில் உட்பூசலால் நொந்து போயிருந்தது. யமன் நாட்டு வழியினர் ஒரு கட்சி. முளர், கைஸ் வழியினர் மற்றொரு கட்சி. இவர்களுக்குள் ஓயாத சண்டை. பெர்பர்களோ, போரிலே முன்னணியில் நின்ற நமக்கு வறண்ட நிலமா என்று குமுறிக்கொண்டிருந்தனர். போதாக்குறைக்குப் பல ஆண்டுப் பஞ்சம் வேறு. யூசுஃப் அல்ஃபிஹ்ரீ என்ற முதியவர் பெயருக்கு ஆளுநர். அவரை ஆட்டி வைத்தவர் ஸுமைல் என்ற கைஸ் தலைவர்.

அதே நாட்டில், கிரனடா, ஜாயென் பகுதிகளில், ஷாமிலிருந்து வந்து குடியேறிய படையினரும் வாழ்ந்தனர். அவர்களுள் உமையா குடும்பத்துக்குக் கடமைப்பட்டவர்கள் நானூறு ஐந்நூறு பேர் இருந்தனர். 754-இல் பத்ர் கடல் கடந்து போய் அவர்களைக் கண்டார். தலைவரின் கடிதத்தைக் கொடுத்தார். அபூ உஸ்மானும் அப்துல்லாஹ் இப்னு காலிதும் அங்கே முக்கியமானவர்கள். அவர்கள் முதலில் ஸுமைலிடம் பேசிப் பார்த்தனர். அவர் இசைவது போல் இசைந்து, பின் மனம் மாறினார். இளைஞர் வந்து வசதியாய் இருக்கட்டும், ஆட்சியை மட்டும் கேட்கவேண்டாம் என்றார். உடனே அவர்கள் ஸுமைலிடம் தோற்று மனம் புழுங்கிக் கிடந்த யமனியரை நாடினர். யமனியருக்கு உமையாக்களிடம் தனியன்பு ஒன்றுமில்லை. ஆயினும் பழி வாங்க ஒரு தலைவர் வேண்டியிருந்தது.

படகு ஒன்று வாங்கப்பட்டது. 755-ஆம் ஆண்டு கோடை முடியும் தறுவாயில், அப்துர் ரஹ்மான் தென்கரையிலுள்ள முனக்கப் என்னும் துறையில் வந்து இறங்கினார். இன்று அந்த ஊரை அல்முன்யேகர் என்கின்றனர். கரையிறங்கியவருக்கு வயது இருபத்து நான்கு. கையில் நாடு இல்லை, படை இல்லை, கருவூலம் இல்லை. இருந்தவை ஒரு பெயரும், ஒரு தோழரும், அல்லாஹ்வின் மீது வைத்த நம்பிக்கையுமே.

வடக்கே ஸரகோஸாவில் கலகம் அடக்கச் சென்றிருந்த யூசுஃபுக்குச் செய்தி எட்டிற்று. அவர் பரிசுகள் அனுப்பினார். நிலமும் தருகிறேன், என் மகளையும் மணமுடித்துத் தருகிறேன் என்றார். ஐந்தாண்டு காலம் ஓடிக் களைத்த ஓர் அகதிக்கு இது சிறிய தானம் அன்று. வாங்கிக்கொண்டு சுகமாய் வாழ்ந்திருக்கலாம். ஆனால், பேச வந்த தூதர்களில் ஒருவரான எழுத்தர், கடிதத்துக்குப் பதில் எழுத முனைந்த அபூ உஸ்மானை ஏளனமாகப் பேசிவிட்டார். ஒரு சொல் பேச்சைக் குலைத்தது! தூதரைப் பிடித்துக் கட்டிப் போட்டனர். சமாதானம் முறிந்தது. நாவடக்கம் இல்லாத ஓர் எழுத்தரால் ஒரு நாட்டின் சரித்திரமே திரும்பியது.

பெருநாள் அன்று நடந்த போர்

756-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஸெவில் நகரம் அவரை வரவேற்றது. குர்துபாவை நோக்கிப் புறப்பட்டபோதுதான் ஒரு குறை தெரிந்தது. படைக்குக் கொடியே இல்லை! ஒருவரின் பச்சைத் தலைப்பாகையை அவிழ்த்து ஈட்டியில் கட்டினர். ஈட்டியைச் சாய்த்தால் சகுனம் கெடும் என்று கருதி, ஒலிவ மரத்தில் ஆளை ஏற்றிக் கட்டினார்களாம். அந்தத் தலைப்பாகைதான் ஸ்பெயின் உமையாக்களின் முதற்கொடி.

குவாடல்குவிவிர் ஆறு வெள்ளம் பெருகி ஓடிற்று. ஒரு கரையில் யூசுஃப். மறு கரையில் அப்துர் ரஹ்மான். அப்துர் ரஹ்மானின் வீரர்கள் உணவின்றி வயலில் விளைந்த பச்சைப் பயறுகளைத் தின்று பசியாறினர். சமாதானத்துக்கு இசைபவரைப் போலக் காட்டி, அவர் ஆற்றைக் கடக்க வழி செய்துகொண்டார். யூசுஃபோ அதை நம்பி உணவுக்குக் கால்நடைகளையும் அனுப்பினார். மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். ஹிஜ்ரி 138, மே மாதத்தின் நடுப்பகுதி. விடிந்ததும் போர் மூண்டது. ஆற்றங்கரையில் வாக்குறுதியால் தம்பியை இழந்தவர், இன்னோர் ஆற்றங்கரையில் வாக்குறுதியையே ஆயுதமாக்கினார். அவருடைய வெற்றியை எழுதுவோர் இந்தக் குறையையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

போர் தொடங்குமுன் யமனியர் தமக்குள் முணுமுணுத்தனர். இளைஞர் உயர்ந்த சாதிக் குதிரைமேல் இருக்கிறார். தோல்வி என்றால் நம்மை விட்டுப் பறந்துவிடுவார் என்பது அவர்கள் ஐயம். அது அவர் செவிக்கு எட்டிற்று. உடனே யமனியர் தலைவர் அபுஸ் ஸப்பாஹிடம் சென்றார். என் குதிரை துள்ளுகிறது, குறி வைக்க முடியவில்லை என்று காரணம் சொல்லி, அவருடைய கோவேறு கழுதையைக் கேட்டு வாங்கி அதன்மேல் ஏறிக்கொண்டார். தப்பி ஓட முடியாத வாகனத்தில் தலைவர் ஏறியதைக் கண்டதும் படையின் ஐயம் பறந்தது. ஓடி ஓடியே உயிர் பிழைத்தவர் அன்று ஓடமாட்டேன் என்று காட்டியது, ஆயிரம் சொற்பொழிவுக்கு ஈடாயிற்று.

முஸாரா என்னும் அத்திடலில் வெற்றி கிட்டியது. வென்ற யமனியர் யூசுஃபின் மாளிகையைக் கொள்ளையிடப் பாய்ந்தனர். அப்துர் ரஹ்மான் குறுக்கே நின்று தடுத்தார். பகைவரின் மனைவி மக்களைக் காத்து, பள்ளிவாசல் தொழுகைத் தலைவரின் வீட்டில் பத்திரமாய்ச் சேர்ப்பித்தார். தம் வீட்டார் ஷாமில் பட்ட பாட்டை அறிந்தவர் அல்லவா? கொள்ளை கிடைக்காத கோபத்தில் யமனியர் சிலர் அவரையே தீர்த்துவிடலாமா என்று யோசித்தனர். அதை அறிந்து அவர் தமக்கு மெய்க்காவலரை அமைத்துக்கொண்டார். குர்துபாவின் பெரிய பள்ளியில் தொழுகை நடத்தி, மக்களுக்கு நல்லாட்சி தருவதாக வாக்களித்தார். அவருக்கு வயது இருபத்தைந்து.

ஆட்சி என்னும் முள்முடி

பதவி கிடைத்துவிட்டது; அமைதி கிடைக்கவில்லை. சரணடைந்து குர்துபாவில் மரியாதையோடு வாழ்ந்த யூசுஃப் 758-இல் தப்பிச் சென்று கலகம் செய்து, அடுத்த ஆண்டு டொலேடோ அருகே மடிந்தார். ஸுமைல் சிறையில் மாண்டார். 763-இல் பாக்தாத் கலீபா மன்ஸூரின் ஆதரவோடு அலா இப்னு முகீஸ் என்பவர் கறுப்புக் கொடியை ஸ்பெயினிலேயே உயர்த்தினார். கர்மோனா கோட்டையில் அப்துர் ரஹ்மானை இரண்டு மாத அளவில் முற்றுகையிட்டார். உணவு தீர்ந்தது. ஒரு நாள் அமீர் எழுநூறு வீரரைப் பொறுக்கி எடுத்தார். கோட்டை வாயிலில் தீ மூட்டி, வாளுறைகளை அதில் எறியச் செய்தார். உறையை எரித்தவனுக்கு வாளை மீண்டும் செருக இடமேது? கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தனர், முற்றுகை சிதறியது. கொல்லப்பட்ட தலைவர்களின் தலைகளை உப்பும் கற்பூரமும் இட்டு மன்ஸூருக்கு அனுப்பி வைத்தார். கேட்கவே உடல் நடுங்கும் செயல்தான் அது. எங்கள் இருவருக்கும் இடையே கடலை வைத்த இறைவனுக்கே புகழ் என்று மன்ஸூர் பெருமூச்சு விட்டதாகச் சொல்வர்.

அதே மன்ஸூர் ஒரு நாள் தம் அவையினரிடம், குறைஷியரின் ராஜாளி யார் என்று கேட்டாராம். அவையினர் மன்ஸூரையே சொன்னார்கள். பிறகு முஆவியாவையும், அப்துல் மலிக்கையும் சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றையும் மறுத்தார். துணையின்றிப் பாலையையும் கடலையும் கடந்து, அந்நிய நாட்டில் புகுந்து, தம் மதியாலும் உறுதியாலும் ஓர் அரசை எழுப்பிய அப்துர் ரஹ்மானே அந்த ராஜாளி என்று அவரே விடை கூறினார். குடும்பத்தையே அழித்த பகைவர் வாயால் கிடைத்த பட்டம்! அதனினும் பெரிய சான்றிதழ் வேறு ஏது?

பெர்பர் கலகம் ஒன்று 768 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. 778-இல் பிராங்கியரின் அரசர் சார்லமேன், ஸரகோஸா பக்கத்து முஸ்லிம் தலைவர் ஒருவரின் அழைப்பை நம்பிப் படையோடு வந்தார். நகரக் கதவு திறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பிய அவருடைய பின்படை ரொன்ஸெவால் கணவாயில் மலைவாசிகளால் அழிக்கப்பட்டது. வெளிப்பகை, உட்பகை என்று முப்பதாண்டுகளில் அமீர் வாளைக் கீழே வைத்த நாட்கள் குறைவு. ஒரு கூட்டத்தையே நம்பியிருந்தால் அக்கூட்டத்துக்கு அடிமையாக வேண்டும் என்பதைக் கண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து வீரர்களை வரவழைத்து, எந்தக் குலத்தையும் சாராத நிரந்தரப் படையை அமைத்தார். சிதறிக் கிடந்த உமையா குடும்பத்தாருக்கு, வாருங்கள், இங்கே இடம் இருக்கிறது என்று செய்தி அனுப்பினார். பலர் வந்தனர், மானியமும் பதவியும் பெற்றனர். ஷாமில் விட்டு வந்த மகன் சுலைமானும் வந்து சேர்ந்தார்.

பேரீச்சையும் மாதுளையும்

குர்துபாவின் வடமேற்கே ஒரு தோட்ட மாளிகை கட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் ருஸாஃபா! பாட்டனாரின் வீட்டுப் பெயர். அங்கே தனியே நின்ற ஒரு பேரீச்ச மரத்தைக் கண்டு, அதையும் தம்மைப் போலவே சொந்த மண்ணைப் பிரிந்த பரதேசியாக எண்ணி அவர் பாடிய கவிதை இன்றும் அரபு இலக்கியத்தில் வாழ்கிறது.

ஷாமில் தங்கிவிட்ட சகோதரிமாரை அழைத்து வர ஆள் அனுப்பினார். அவர்கள் முதுமையைக் காட்டி, எங்கள் தம்பி நலமாய் இருக்கிறார் என்ற செய்தியே போதும் என்று வர மறுத்தனர் என்பர். ஆனால், அங்கிருந்து மாதுளம் பழங்கள் வந்தன. நெடும்பயணத்தில் அவை வாடிப் போயிருந்தன. ஸஃபர் என்ற ஒருவர் அவற்றில் சிலவற்றை வாங்கிச் சென்று, விதையைத் தம் ஊரில் ஊன்றி வளர்த்து, கனிந்த பழத்தை அமீரிடம் கொண்டு வந்து காட்டினார். அமீர் மகிழ்ந்து அவருக்கு வெகுமதி அளித்தார். ஸஃபரீ மாதுளை என்ற பெயர் ஸ்பெயினில் நிலைத்தது. ஆட்கள் வர முடியாத இடத்துக்கு விதையாவது வந்து சேர்ந்ததே என்று அவர் மனம் ஆறியிருக்கும்.

785-இல் குர்துபாப் பெரிய பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். அவ்விடத்தில் கிறிஸ்தவர்களுக்கு இருந்த பகுதியைப் பறிக்காமல், விலை கொடுத்து வாங்கினார் என்றும், ஊருக்கு வெளியே தங்கள் கோயில்களை மீண்டும் எழுப்பிக்கொள்ள அவர்களுக்கு அனுமதி தந்தார் என்றும் பழைய வரலாற்று நூல்கள் கூறும். பதினொரு நெடுவரிசைகள், பழைய ரோமர் கட்டடங்களின் தூண்கள், அவற்றின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவப்பும் வெள்ளையுமாய் இரட்டை வளைவுகள். தூண்களின் காட்டுக்குள் நடப்போருக்குப் பேரீச்சந்தோப்பில் நடக்கும் நினைவு வரும். பின்வந்தோர் அதை மூன்று முறை பெரிதாக்கினர். 1236-இல் நகரம் கிறிஸ்தவ அரசர் கைக்குப் போனபின் அது தேவாலயமாயிற்று. 1984-இல் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட அக்கட்டடத்தில் அவர் எழுப்பிய தூண்களும் வளைவுகளும் இன்றும் நிற்கின்றன.

பத்ர் என்ன ஆனார்?

இனிமேல் சொல்லவேண்டியது கசப்பான செய்தி. பத்ர் என்ன ஆனார்? உயிர் காத்தவர், கடல் கடந்து ஆள் திரட்டியவர், பசியிலும் பாலையிலும் கூட நின்றவர். அவருக்குப் பதவியும் செல்வமும் கிடைக்கத்தான் செய்தன. ஆனால், நாளடைவில் உரிமையோடு குறைகளைச் சொன்னார். செய்த உதவியை நினைவூட்டினார். அமீர் சினந்தார். சொத்து பறிக்கப்பட்டது, பத்ர் எல்லைப்புற ஊர் ஒன்றுக்குத் துரத்தப்பட்டார். கழுதையைக் கொடுத்த அபுஸ் ஸப்பாஹும் பின்னாளில் அமீரின் ஆணையால் உயிரிழந்தார். அழைத்து வைத்த உறவினருள்ளும் சதி செய்தவர் கிளம்பினர். சொந்தத் தமையன் மகனுக்கும் மரண தண்டனை விதித்தார். முன்பெல்லாம் காவலரின்றி மக்களோடு கலந்து, ஜனாஸாவில் பங்குகொண்டு, நோயாளிகளைப் போய்க் கண்டு வந்த அமீர், கடைசிக் காலத்தில் காவலர் சூழத் தனித்து வாழ்ந்தார்.

788-ஆம் ஆண்டு செப்டம்பர் முடிவில், ஹிஜ்ரி 172-இல், குர்துபாவில் அவர் காலமானார். வயது ஐம்பத்தேழு இருக்கும். இளைய மகன் ஹிஷாம் பட்டத்துக்கு வந்தார். அன்று ஆற்றங்கரையில் கறுப்புக் கொடி கண்டு அழுத மூத்தவர் சுலைமான், தம்பியை எதிர்த்துக் கலகம் செய்து தோற்றார். ஆயினும் அப்துர் ரஹ்மான் நட்ட மரம் வீழவில்லை. அவர் வழியினர் 1031 வரை ஆண்டனர். 929-இல் அவர் பெயரையே தாங்கிய மூன்றாம் அப்துர் ரஹ்மான் கலீபா என்று பட்டம் சூடினார். குர்துபாவின் நூலகங்களும் கல்விச்சாலைகளும் ஐரோப்பாவுக்கே ஒளி தந்தன.

சகோதரர்களே, இந்த வரலாற்றை வீரக் கதையாக மட்டும் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது. ஊர் விட்டு ஊர் வந்தவன் அழுதுகொண்டே இருந்தால் அழிவான். பிறந்த மண்ணை நெஞ்சில் வைத்து, வந்த மண்ணில் மரம் நட்டால் வாழ்வான். குலச் சண்டையால் நொந்த நாட்டை, எந்தக் குலத்துக்கும் முழுதும் சாராத ஒரு வந்தேறிதான் ஒன்றாக்க முடிந்தது. இவை அவர் பெற்ற வெற்றியின் பாடங்கள். மேலே ஏறியபின் ஏணியை உதைக்காதே என்பது அவர் தோல்வியின் பாடம். கரையேறிய நாளில் நமக்கும் ஒரு பத்ர் இருந்திருப்பார்: பாயில் பாதி இடம் கொடுத்தவர், முதல் வேலைக்கு அழைத்துப் போனவர், ஊருக்குப் பணம் அனுப்பக் கடன் தந்தவர். அவரோ, அவர் மக்களோ இன்று எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது நம் கடமை. அல்லாஹ் நம்மை நன்றி மறவாதவர்களாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.